ஊதா மஞ்சளாவதா, திரையில் அலை ஓடுவதா: பச்சிளம் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும்போது எந்தக் கருவி?

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் திருவொற்றியூரில் சின்னதாகப் பிரசவ மருத்துவமனை நடத்தும் டாக்டர் அம்மா. இன்னொருத்தி என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண், இப்போது தண்டையார்பேட்டையில் லேபர் வார்டு இன்சார்ஜ். மூன்றாவது, கைக்குழந்தைகளை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஏற்றிப் போகிற ஆம்புலன்ஸில் வேலை செய்யும் தம்பி. "அக்கா, மூச்சுக்காத்துல கார்பன் டை ஆக்சைடு வருதான்னு பாக்குற கருவி வாங்கணும். நிறம் மாறுமே, அந்தச் சின்னது போதுமா, இல்ல மானிட்டரோட வர்றதுதான் வேணுமா?"

மூன்று பேருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது என்பதால் முழுதாக இங்கே எழுதுகிறேன். பதினேழு வருடமாகப் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்தைத் தாண்டி வேலை பார்த்ததில்லை. அதனால் இங்குள்ள ஈரம், கரண்ட், ரோடு எல்லாம் இந்த ஒப்பீட்டுக்குள் வரும்.

## இது எதற்கு

குழந்தையின் உடம்பில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, மூச்சோடு வெளியே போகிறது. வெளிக்காற்றில் அது சுமார் 0.04 சதவீதம். நாம் விடுகிற மூச்சில் 4, 5 சதவீதம். மூச்சு கொடுக்க வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூபின் வெளிநுனியில் இந்த வாயு வந்துகொண்டிருந்தால் மூன்று சேதி ஒன்றாகத் தெரிந்துவிடும்: டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறது, நுரையீரலுக்குள் காற்று போய்வருகிறது, இதயம் அந்த நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. டியூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் இந்த வாயு வராது.

இந்தச் சேதியின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு மழை ராத்திரியில். நான் அப்போது வேலை பார்த்த சின்ன மருத்துவமனை ஒன்றில், மஞ்சள் பச்சையாக மலம் கலந்த பனிக்குட நீரோடு 2.8 கிலோவில் ஒரு ஆண் குழந்தை பிறந்தான். அழவில்லை. மாஸ்க் வைத்து, காற்று ஊதும் பேகை அழுத்தியும் நெஞ்சு எழும்பவில்லை. டியூட்டி டாக்டர் டியூப் போட்டார். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு "காத்து போகுது" என்றார். நானும் வைத்துக் கேட்டேன், எனக்கும் அப்படித்தான் கேட்டது. இன்னொரு சிஸ்டரும் அதையே சொன்னார். டியூபின் உள்ளே ஆவி படிந்ததையும் பார்த்தோம். ஆனால் இதயத்துடிப்பு 70-ஐ விட்டு ஏறவே இல்லை. நிறம் மாறும் டிடெக்டர் அந்த மருத்துவமனையில் இரண்டு இருந்தது. இரண்டும் ஸ்டோர் அலமாரியில். சாவி வைத்திருந்தவர் மீஞ்சூருக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

கடைசியில் டாக்டர் மறுபடி லாரிஞ்சோஸ்கோப் (தொண்டைக்குள் விளக்கு காட்டிப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தார். டியூப் உணவுக்குழாயில் இருந்தது. எடுத்துச் சரியாகப் போட்டதும் பத்து பன்னிரண்டு மூச்சுக்குள் துடிப்பு நூறைத் தாண்டியது. குழந்தை பிழைத்தான். இடையில் போனது மூன்று நிமிடத்துக்கு மேல்.

மூன்று பேரும் கவனமாகத்தான் கேட்டோம். பச்சிளம் குழந்தையின் நெஞ்சு உள்ளங்கை அகலம். வயிற்றுக்குள் போகிற காற்றின் சத்தம் நெஞ்சு முழுக்கப் பரவிக் கேட்கும். உணவுக்குழாயில் போன டியூபிலும் ஆவி படியும்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை நான் கடைசியில் வைக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியவை இவை.

எத்தனை வினாடியில் சொல்கிறது. ஸ்டெதஸ்கோப்பும் கண்ணும் வைத்து முடிவுக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 1999-ல் வந்த ஓர் ஆய்வில் நிறம் மாறும் டிடெக்டர் சுமார் 8 வினாடியில் சொன்னதை, கண்ணும் காதும் சொல்ல சுமார் 40 வினாடி ஆனது.

குழந்தையின் மூச்சில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது. இதை டெட் ஸ்பேஸ் என்பார்கள். டியூபுக்கும் பேகுக்கும் நடுவே நாம் மாட்டுகிற எதுவும் கொஞ்சம் பழைய காற்றைத் தேக்கிவைத்து, அதையே குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்கும். பெரியவர்களுக்கு இது பொருட்டே இல்லை. குழந்தையின் ஒரு மூச்சோ கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. தான். 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சு 15 மி.லி. என்றால் 800 கிராம் குழந்தைக்கு 4 மி.லி. அதில் 3 மி.லி. தேங்கினால் மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள்.

வருகிறதா இல்லையா என்று தெரிந்தால் போதுமா, எவ்வளவு என்றும் தெரிய வேண்டுமா. லேபர் வார்டுக்கு முதலாவது போதும். வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு இரண்டாவது வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ரொம்ப இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து வெள்ளைப்பகுதி பாதிக்கும். ரொம்ப ஏறினாலும், ஏறி இறங்கி ஆடினாலும் மூளைக்குள் ரத்தக்கசிவுக்கு வழியாகும்.

எப்போது தவறாகச் சொல்லும். தவறே சொல்லாத கருவி இல்லை. எப்போது தவறும் என்று தெரிந்துவைத்தால் பாதி ஆபத்து குறையும்.

நம்ம ஊரில் தாங்குமா. கடலோர ஈரம், கரண்ட் போவது, பழுதானால் ஆள் வர ஆகும் நாட்கள்.

அப்புறம் செலவு. கருவியின் விலையோடு அதை வருடம் முழுக்க ஓட்டுவதற்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## நிறம் மாறும் டிடெக்டர்

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குமிழ். நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் மெட்டாகிரெசால் பர்ப்பிள் என்ற ரசாயனம் தோய்த்த தாள். கார்பன் டை ஆக்சைடு பட்டால் தாளில் அமிலத்தன்மை கூடி ஊதா மஞ்சளாகும். குழந்தை மூச்சு விடும்போது மஞ்சள், நாம் பேக் அழுத்தும்போது மறுபடி ஊதா. அப்படி மாறி மாறி வரவேண்டும். முதல் தடவை அந்த மஞ்சளைப் பார்க்கும் சின்ன சிஸ்டர்களின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பயிற்சி எடுக்கிறேன்.

பரவலாகக் கிடைக்கும் பெடிகேப் என்ற டிடெக்டரில் மூன்று நிலை உண்டு. அரை சதவீதத்துக்குக் கீழே ஊதா. அரையிலிருந்து 2 சதவீதம் வரை பழுப்பு. 2 முதல் 5 வரை மஞ்சள், அதாவது அழுத்தக் கணக்கில் 15 முதல் 38 மி.மீ. பாதரசம். பழுப்பு வந்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். பழுப்பு என்றால் இன்னும் தெளிவில்லை. நெஞ்சு எழும்புகிறதா, அழுத்தம் போதுமா என்று சரிபார்த்துக்கொண்டே அடுத்த சில மூச்சுகளைப் பாருங்கள். டியூப் சரியாக இருந்து, இதயமும் ஓடிக்கொண்டிருந்தால் 8 முதல் 10 மூச்சுக்குள் மஞ்சள் வந்துவிட வேண்டும்.

எடை விஷயத்தில் கவனம் வேண்டும். பெடிகேப்பின் டெட் ஸ்பேஸ் 3 மி.லி.; 1 கிலோவிலிருந்து 15 கிலோ வரைக்குச் செய்தது. அதைவிடச் சின்னக் குழந்தைக்கு டெட் ஸ்பேஸ் 1 மி.லி. அளவே உள்ள நியோஸ்டேட் போன்ற வகை இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள் உங்களிடம் பிறக்கிறார்கள் என்றால் அந்தச் சின்ன வகையையே வாங்குங்கள். பெரியதுதான் கையில் இருக்கிறது என்றால் சில மூச்சுக்கு மாட்டி, மஞ்சளைப் பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

எங்கே தவறும்? இரண்டு பக்கமும் தவறும்.

மஞ்சள் வராமல் போவது: இதயம் நின்றுவிட்டாலோ துடிப்பு மிகவும் குறைந்தாலோ நுரையீரலுக்கு ரத்தமே போகாது. அப்போது டியூப் சரியான இடத்தில் இருந்தாலும் ஊதா ஊதாவாகவே இருக்கும். டியூபைச் சளி அடைத்தாலும், நுரையீரல் விரியும் அளவுக்கு நாம் அழுத்தம் கொடுக்காவிட்டாலும் இதேதான். பிறப்பதற்கு முன் நுரையீரல் முழுக்க நீர். அது விலகிக் காற்று ஏறிய பிறகுதான் இந்த வாயு வெளியே வரத் தொடங்கும். ஆகையால் ஊதாவைப் பார்த்ததும் டியூபைப் பிடுங்காதீர்கள். லாரிஞ்சோஸ்கோப் போட்டு, குரல்நாண்களுக்கு நடுவே டியூப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பொய்யாக மஞ்சள் வருவது: வயிற்று அமிலமோ, டியூப் வழியாகக் கொடுத்த அட்ரினலினோ, சர்ஃபாக்டன்ட் என்ற நுரையீரல் மருந்தோ தாளில் பட்டால் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். நிற்கிற மஞ்சளை நம்பாதீர்கள். மூச்சுக்கு மூச்சு மாறுகிற மஞ்சளையே நம்புங்கள். மூச்சுக்குழாயின் வலது பக்கக் கிளைக்குள் டியூப் ஆழமாகப் போயிருந்தாலும் மஞ்சள் வரும். ஆழத்தை இது சொல்லாது. அதற்கு உதட்டில் சென்டிமீட்டர் அளவும் எக்ஸ்ரேயும் இருக்கின்றன.

இனி ஈரம். காசிமேட்டில் காலையில் பிரித்த பிஸ்கெட் பாக்கெட் சாயங்காலம் நமுத்துப்போகும். இந்தத் தாளும் அப்படித்தான், ஈரத்தில் அதன் ஆயுள் குறையும். "எமர்ஜென்சிக்குக் கைக்கு எடுப்பா இருக்கட்டும்" என்று உறையைப் பாதி கிழித்து வார்மரில் (பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) செருகிவைத்திருந்ததை ஒரு இடத்தில் பார்த்தேன். எடுத்துப் பார்த்தால் வட்டம் ஏற்கெனவே சாம்பல் கலந்த பழுப்பு. அது இனி எதற்கும் உதவாது. உறை பிரிக்காமல் இருக்கட்டும். பிரிக்கும் நொடியில் ஊதா சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணூர், மணலிப் புகையால் தானாக மாறிவிடுமா என்று தண்டையார்பேட்டைப் பெண் கேட்டாள். மாறாது. நிறம் மாறத் தொடங்கவே வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வாயு வேண்டும்.

வெளிச்சம் பற்றி ஒன்று. மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ் இந்த நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

மறைந்த செலவு எக்ஸ்பைரிதான். வருடத்துக்கு நாலு குழந்தைக்கு டியூப் போடும் இடத்தில் பத்து வாங்கினால் ஆறு தேதி கடந்து குப்பைக்குப் போகும். பெடிகேப் பிரித்தபின் இரண்டு மணி நேரம்தான் உழைக்கும். கழுவி அடுத்த குழந்தைக்குப் போடும் பேச்சுக்கே இடமில்லை.

## மெயின்ஸ்ட்ரீம் கேப்னோகிராஃப்

கேப்னோகிராஃப் என்றால் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை எண்ணாகவும் அலையாகவும் காட்டும் இயந்திரம். மெயின்ஸ்ட்ரீம் வகையில் டியூபின் வாயிலேயே ஒரு சின்ன அடாப்டர், அதைக் கவ்விக்கொள்ளும் சென்சார், அங்கிருந்து மானிட்டருக்கு வயர். சென்சார் அகச்சிவப்பு ஒளியை மூச்சுக்காற்றுக்குள் பாய்ச்சும். கார்பன் டை ஆக்சைடு அந்த ஒளியை விழுங்கும் அளவை வைத்து எண்ணும் அலையும் திரையில் வரும். காற்று எங்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை, அதனால் தாமதம் இல்லை. நிமிடத்துக்கு 60 மூச்சு விடுகிற குழந்தைக்கு ஒரு மூச்சுக்கே ஒரு வினாடிதான், அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில் இதுதான் முதலிடம். பச்சிளம் குழந்தை அடாப்டரின் டெட் ஸ்பேஸ் ஒரு மி.லி.க்குள் இருக்கும். வாங்கும்போது அந்த அடாப்டர்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பெரியவர்களுக்கான அடாப்டரைக் கொடுத்துவிட்டுப் போன விற்பனையாளரைப் பார்த்திருக்கிறேன்.

நன்றாக உதவும் ஓர் இடம் சொல்கிறேன். குறைமாதக் குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் கொடுத்ததும் நுரையீரல் இளகும். அதே அழுத்தத்தில் ஒவ்வொரு மூச்சும் பெரிதாகி, கார்பன் டை ஆக்சைடு வேகமாக இறங்கும். அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் காத்திருந்தால் நேரம் போய்விடும். திரையில் எண் 48, 43, 37 என்று இறங்குவதைப் பார்த்தால் அங்கேயே டாக்டரைக் கூப்பிட்டு அழுத்தத்தைக் குறைக்கலாம்.

அந்த எண்ணை ரத்தத்தில் உள்ள அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாகத் திரையில் வருவது ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. நுரையீரல் கெட்டிருந்தால் இடைவெளி கூடும். டியூபைச் சுற்றிக் காற்று கசிந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவது கஃப் (டியூபைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பலூன்) இல்லாத டியூப், கசிவு சகஜம். ஆகவே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு வித்தியாசம் எவ்வளவு என்று சார்ட்டில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மறைந்த செலவு எடை. சென்சார் சில பத்து கிராம்தான். ஆனால் 900 கிராம் குழந்தையின் வாயில் ஒட்டியிருக்கும் மெல்லிய டியூபின் நுனியில் அது தொங்கினால் டியூப் மடங்கும், நழுவும், சில சமயம் வெளியேயும் வந்துவிடும். சென்சாருக்குக் கீழே சுருட்டிய துணி வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள். அடுத்த செலவு சென்சார் கீழே விழுவது. அதன் விலையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் விலையைக் கேட்டபோது வராத மயக்கம் அப்போது வரும். அடாப்டருக்குள் ஈரமும் சளியும் படிந்தால் எண் கெடும், துடைக்க வேண்டியிருக்கும்.

## சைட்ஸ்ட்ரீம் கேப்னோகிராஃப்

மெல்லிய குழாயால் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, தள்ளியிருக்கும் இயந்திரத்துக்குள் கொண்டுபோய் அளப்பது. டியூபின் நுனியில் எடை இல்லை, அது நல்ல விஷயம். பெரிய மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பது பெரும்பாலும் இதுதான். "அங்க இருக்கே, அதையே எடுத்துக்கலாமே" என்ற யோசனை அதனால் வருகிறது.

எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். 1 கிலோ குழந்தை, ஒரு மூச்சு 5 மி.லி., நிமிடத்துக்கு 50 மூச்சு. ஆக நிமிடத்துக்கு 250 மி.லி. பழைய வகை சைட்ஸ்ட்ரீம் நிமிடத்துக்கு 150 முதல் 200 மி.லி. உறிஞ்சும். குழந்தையின் மூச்சில் பாதிக்கு மேல்! அந்தக் காற்றோடு சுற்றியுள்ள புதுக்காற்றும் கலந்துவிடுவதால் எண்ணும் தாழ்ந்து, அலையும் மழுங்கும். நிமிடத்துக்கு 50 மி.லி. மட்டும் எடுக்கும் மைக்ரோஸ்ட்ரீம் வகை என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதைப் பரிசீலிக்கலாம்.

குழாய் மெல்லியது, காற்று சூடும் ஈரமும் நிறைந்தது. நீர் கோத்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அலை தட்டையாகிவிடும். டியூப் கழன்றுவிட்டது என்று எல்லாரும் பதறி ஓடி வருவோம். மாற்றிப் போடச் சாம்பிள் குழாய் எப்போதும் இருக்க வேண்டும், அது தொடர் செலவு. நிறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடக்கும் இடத்தில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். பச்சிளம் குழந்தைகளுக்கென்று புதிதாக வாங்குவதானால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

## தோலில் ஒட்டும் சென்சார், ரத்தப் பரிசோதனை

இவை மூச்சுக்காற்றை அளப்பவை இல்லை என்றாலும் கேள்வியில் இவையும் வந்தன. தோலில் ஒட்டும் சென்சார் 40 முதல் 44 டிகிரி வரை சூடாகி, தோல் வழியாக வாயுவை அளக்கும். நிலைக்கு வரவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும் என்பதால் டியூப் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க உதவாது. சில மணி நேரத்துக்கொருமுறை இடம் மாற்றாவிட்டால் குறைமாதக் குழந்தையின் தோல் வெந்துவிடும். அதிர்வு வகை வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் இது நிஜமாகவே தேவை. அங்கே மூச்சு மூச்சாகக் காற்று வெளியேறாது, கேப்னோகிராஃப் வேலைக்காகாது.

ரத்தப் பரிசோதனைதான் உரைகல், எந்தக் கருவி வந்தாலும் அது போகாது. ஆனால் அது அந்த நிமிடத்து நிலையை மட்டும் சொல்லும். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 80, 90 மி.லி. ரத்தம் என்பதையும் மறக்கக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | நிறம் மாறும் டிடெக்டர் | மெயின்ஸ்ட்ரீம் | சைட்ஸ்ட்ரீம் |
|---|---|---|---|
| சொல்வது | இருக்கிறது, இல்லை | எண், அலை | எண், அலை (சிறு குழந்தையில் தாழ்ந்து காட்டும்) |
| வேகம் | சில மூச்சுக்குள் | உடனே, இயந்திரம் தயாராக இருந்தால் | சில வினாடி தாமதம் |
| டெட் ஸ்பேஸ் | 1 அல்லது 3 மி.லி. | 1 மி.லி.க்குள் | குறைவு, ஆனால் காற்றை உறிஞ்சும் |
| டியூப் நுனியில் எடை | லேசு | அதிகம் | மிக லேசு |
| கரண்ட் | வேண்டாம் | வேண்டும், பேட்டரி பார்க்கவும் | வேண்டும், பேட்டரி பார்க்கவும் |
| ஈரத்தில் | உறை பிரிந்தால் கெடும் | துடைத்தால் சரியாகும் | குழாய் அடைக்கும் |
| தொடர் செலவு | ஒவ்வொரு குழந்தைக்கும் புதிது, எக்ஸ்பைரி | அடாப்டர், சென்சார் உடைதல், ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) | சாம்பிள் குழாய், ஏஎம்சி |

## எந்த இடத்துக்கு எது

திருவொற்றியூர் டாக்டர் அம்மாவுக்கு: மாதத்துக்கு முப்பது, நாற்பது பிரசவம், எப்போதாவது ஒரு குழந்தைக்கு டியூப், பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றம். நிறம் மாறும் டிடெக்டர் போதும். ஒவ்வொரு வார்மரிலும் ஒன்று, உபரியாக ஒன்று. கேப்னோகிராஃப் வாங்க வைத்த பணம் இருந்தால் லேபர் வார்டுக்கு நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டரும், எல்லாருக்கும் பயிற்சியும். மானிட்டர் ஆன் செய்து, சென்சார் தேடி, அடாப்டர் மாட்டுவதற்குள் அந்த முதல் நிமிடம் போய்விடும். மாதம் ஒரு தடவைகூடத் தொடாத இயந்திரத்தை ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் இயக்கத் தெரியாது.

வென்டிலேட்டர் ஓடும் பச்சிளம் குழந்தைகளின் சிறப்புச் சிகிச்சை வார்டுகளுக்கு (என்ஐசியூ, எஸ்என்சியூ): மெயின்ஸ்ட்ரீம், பச்சிளம் குழந்தை அடாப்டரோடு. வென்டிலேட்டரிலேயே இந்த வசதி சேர்த்து வருகிறதா என்று முதலில் பாருங்கள், தனி மானிட்டர் தேவைப்படாமல் போகலாம். அதே வார்டில் நிறம் மாறும் டிடெக்டரும் இருக்கட்டும். டியூப் போட்ட நொடியில் அதுதான் கைக்கு வரும்.

ஆம்புலன்ஸ் தம்பிக்கு: இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. பேட்டரியில் ஓடும் மெயின்ஸ்ட்ரீம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் டியூப் அரை சென்டிமீட்டர் நகரலாம். ஓடுகிற வண்டியில் ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காது. ஆக்ஸிஜன் எண் இறங்குவதற்கு முன்பே அலை தட்டையாகிக் காட்டிக்கொடுக்கும். இப்போதைக்கு வாங்க வழியில்லை என்றால், பிரிக்காத நாலு டிடெக்டர் வண்டியில் இருக்கட்டும். சந்தேகம் வரும்போது ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

மாஸ்க் வைத்து பேக் அழுத்தும்போது? டியூப் போடாத நிலையிலும் மாஸ்க்குக்கும் பேகுக்கும் நடுவே டிடெக்டரை மாட்டலாம். 2006-ல் வந்த ஓர் ஆய்வில், மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்கும்போது மூச்சுப்பாதை அடைத்திருப்பதை நிறம் மாறாததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 2014-ல் இன்னொரு ஆய்வு, மஞ்சள் வந்த பிறகே இதயத்துடிப்பு ஏறுகிறது என்றது. 2023-ல் இல்கோர் என்ற சர்வதேசக் குழு இதைப் பரிசீலித்து, பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய சான்று இல்லை என்றது. டியூப் இடத்தை உறுதி செய்வதற்கு இருக்கும் வலுவான பரிந்துரை மாஸ்க்குக்குக் கிடையாது. என் கருத்து: உபரி டிடெக்டர் இருந்தால் போடுங்கள், தலை சாய்ந்திருப்பதையும் மாஸ்க் கசிவையும் சீக்கிரம் பிடிக்க உதவும். ஆனால் நிறத்தைப் பார்த்துக்கொண்டே துடிப்பை எண்ணாமல் விட்டுவிடாதீர்கள். பச்சிளம் குழந்தைக்கு நாம் கொடுக்கும் மூச்சு போதுமா என்பதற்கு ஏறுகிற இதயத்துடிப்புதான் முதல் சாட்சி. சிபாப்பில் (மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தில் காற்று கொடுப்பது) இருக்கும் குழந்தைக்கு மூக்கிலும் வாயிலும் அத்தனை கசிவு இருக்கும்போது இந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை, அங்கே இதைத் தேடாதீர்கள்.

## விற்பனையாளர் வரும்போது

கொட்டேஷன் வாங்கும் முன் கேட்க வேண்டியவை: டெட் ஸ்பேஸ் எத்தனை மி.லி.? எத்தனை கிலோ வரைக்குச் சோதித்தது? டிடெக்டர் என்றால், கையில் தரும் பெட்டியில் எக்ஸ்பைரி எத்தனை மாதம் இருக்கிறது? மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மானிட்டர் என்றால், சென்சார் உடைந்தால் தனி விலை என்ன, ஏஎம்சியில் அது சேருமா, பழுதானால் மாற்று இயந்திரம் எத்தனை நாளில் வரும், மழைக்காலத்தில் கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம்? பிறகு உங்கள் ரெஜிஸ்டரைத் திறந்து, போன வருடம் எத்தனை குழந்தைக்கு டியூப் போட்டோம் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையால் டிடெக்டர் விலையைப் பெருக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கை எக்ஸ்பைரிக்காகக் கூட்டிக்கொண்டு, மானிட்டரின் ஐந்து வருடச் செலவோடு வைத்துப் பாருங்கள். சின்ன இடங்களில் டிடெக்டர்தான் மலிவாக வரும்; குழந்தைகள் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்கும் இடத்தில் கணக்கு தலைகீழாகும்.

எங்கள் வார்டில் இப்போது டிடெக்டர் ஸ்டோரில் இல்லை. ஒவ்வொரு வார்மரின் வலது கம்பியிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் உறை பிரிக்காத டிடெக்டர் ஒன்று, டப்பாவின் மேல் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிய எக்ஸ்பைரி மாதம். காலை ஷிப்டுக்கு வரும் சிஸ்டர் லாரிஞ்சோஸ்கோப் பல்பு எரிகிறதா என்று பார்க்கும்போதே அந்த மாதத்தையும் வாய்விட்டுப் படிப்பார். டப்பாவுக்குப் பூட்டு கிடையாது.